வலிப்பு ஈக்களோடு அடையாற்றிலிருந்து கோபாலபுரம் வரை

வெளிநாடு போகிறேன் என்றதும் எங்கள் ஒழுங்கையில் இருந்தவர்கள் கனடாவா, லண்டனா என்றுதான் கேட்டார்கள். சென்னை என்றேன். முகங்கள் சுருங்கின. அங்கே என்ன அலுவல் என்றார்கள். ஈ வளர்க்கப் படிக்கப் போகிறேன் என்றேன். அதற்குப் பிறகு எவரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் படலையைச் சாத்திக்கொண்டே, "ஏன், இங்க இருக்கிற ஈ காணாதாமோ?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

யாழ்ப்பாணப் பக்கம் ஒரு கல்லூரியின் ஆய்வுகூடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிறவன் நான். பதவியின் பெயர் அமைய ஊழியன். வேலை நிரந்தரம், ஊழியன் மட்டும் தற்காலிகம் என்று அதற்குப் பொருள். ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் பள்ளிக்கூடத்துக்குள் இடம்பெயர்ந்த சனம் வந்து தங்கியது. அவர்கள் உள்ளே வர நாங்கள் வெளியே போனோம். சனம் திரும்பிப் போன பிறகும் நான் உள்ளே போகவில்லை. படிப்பைப் பற்றி என்னிடம் சொல்ல இவ்வளவுதான் உண்டு.

எங்கள் துறைக்குப் புதிதாக ஒரு விரிவுரையாளர் வந்தார். எல்லோரும் அவரை மிஸ் என்போம். வாழைப்பழத் தோலைச் சுற்றிப் பறக்குமே, கண்ணுக்குள் விழுகிற அளவுச் சின்ன ஈ, அதன் நரம்பை ஆராய்வது அவர் வேலை. ஈயின் நரம்பும் மனிதனின் நரம்பும் ஓடுகிற விதம் கிட்டத்தட்ட ஒன்றுதானாம். என் மனைவி என் நரம்பை இதைவிடக் குறைவாக மதிப்பிட்டிருக்கிறாள் என்பதால் எனக்கு அதில் ஆச்சரியம் ஏற்படவில்லை. மிஸ்ஸுக்கு ஈ அறை ஒன்று திறக்க அனுமதி கிடைத்தது. அன்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"தவராசா அண்ணை, அந்த அறைக்கு ஒரு நிரந்தர ஆள் எடுக்கலாம். மேல இருக்கிறவை பட்டதாரிதான் வேணுமெண்டு நிக்கினம். சென்னையில எனக்குப் படிப்பிச்ச பேராசிரியர் இருக்கிறா. அவவிட்ட போய்ப் பழகுங்கோ. 'இவர் தனியச் செய்வார்' எண்டு அவ ஒரு வார்த்தை சொன்னாக் காணும், நான் உங்களுக்காக வாதாடுவன். சொல்லாட்டி என்னால ஏலாது."

ஒரு வார்த்தை. அதை வாங்கிவர ஒரு கடலைத் தாண்ட வேண்டும். தாண்டினேன்.

ஆகாயத்தில் இருந்த நேரத்தைவிட, இறங்கிய பிறகு வரிசையில் நின்ற நேரம் அதிகம். வரிசையின் முடிவில் இருந்த அதிகாரி வந்த நோக்கம் என்ன என்றார். ஈ என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பயந்துபோய், பழ ஈ என்று திருத்தினேன். அப்போதும் அவர் முகம் தெளியவில்லை. பின்னால் நின்றவர்கள் செருமத் தொடங்கியதால் நாட்டுக்குள் விட்டார்.

தியாகராய நகரில் ஒரு லாட்ஜில் அறை. சன்னலைத் திறந்தால் எதிர்ப்புறத் துணிக்கடையின் பொம்மைகள் பட்டுச்சேலை கட்டி வரிசையாக என்னையே பார்த்தன. மூடினால் காற்று இல்லை. என் தெரிவு மானத்தோடு வேர்ப்பதா, காற்றோடு கூச்சப்படுவதா என்பதாக இருந்தது. கீழே தெருவில் சனம் நடப்பதைப் பார்த்தபோது ஏதோ ஊரே காலிசெய்து போகிறது என்று பதறி இறங்கி ஓடி வந்து, "என்ன நடந்தது?" என்று வாசலில் நின்ற காவலாளியைக் கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல சார். சாயங்காலம்," என்றார் அவர். பிறகு, "கேரளாவா?" என்றார்.

இந்தக் கேள்வியை அன்றிலிருந்து இட்லிக்கடை, மருந்துக்கடை, செருப்புத் தைக்கிற இடம் எல்லாவற்றிலும் கேட்டார்கள். நான் பேசுவது தமிழ் என்பதில் எனக்கிருந்த நம்பிக்கை மெல்ல மெல்ல ஆட்டங்கண்டது.

முதல் நாள் காலை அடையாற்றுக்குப் பேருந்து ஏறினேன். இறங்குமிடம் தவறிவிடும் என்ற பயம் இரவு முழுக்க இருந்ததால், நடத்துநருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். "அடையாறு வந்திட்டுதோ?" "இன்னும் இல்ல சார்." அடுத்த நிறுத்தம். "இது அடையாறோ?" "இல்ல சார்." சைதாப்பேட்டையில் கேட்டேன். பாலம் ஏறியபோது கேட்டேன், இறங்கியபோது கேட்டேன். ஒரு கட்டத்துக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். நான் வாயைத் திறந்ததும், "இல்ல சார், கம்னு நில்லு சார்," என்று அதுவாகவே வந்தது. கடைசியில் பேருந்து திருவான்மியூரில் நின்று, ஓட்டுநர் உட்பட எல்லோரும் இறங்கினார்கள்.

"அடையாறு?" என்றேன்.

"அது அப்பவே பூட்ச்சே!" என்று நடத்துநர் தலையில் கைவைத்தார். "நீ கேட்டுக்கினே இருந்தியா, நானும் இல்ல இல்லன்னு சொல்லிக்கினே இருந்தேன். நடுவுல அது வந்துட்டு போய்ட்ச்சு சார்."

தவறு யாருடையது என்று இருவருக்கும் தெரியாததால் சமாதானமாகப் பிரிந்தோம்.

பேராசிரியர் வைதேகி மயிலாப்பூர்க்காரர். மூக்குத்தியும் பருத்திச் சேலையும் மேலே வெள்ளை அங்கியுமாக நின்றவர் நான் பிந்தி வந்ததும் கடிகாரத்தை மட்டும் பார்த்தார். அது போதுமாயிருந்தது. என்னைப் பழக்கும் பொறுப்பை அவர் தன் ஆராய்ச்சி மாணவி ஜெனிஃபரிடம் கொடுத்தார். ஜெனிஃபர் பட்டினப்பாக்கத்துக் கடற்கரைப் பிள்ளை. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர்.

"எங்கம்மாகிட்ட ஈ ஆராய்ச்சின்னு சொன்னேண்ணா," என்றாள் முதல் நாளே. "'நான் மீன் கூடைல நாள் பூரா ஈ ஓட்டிக்கினு கீறேன், எனக்கு எவன்டி டாக்டர் பட்டம் குட்த்தான்'னுச்சு."

முதல் பாடம் சமையல். ஈக்குச் சாப்பாடு காய்ச்ச வேண்டும். சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், கட்டியாவதற்குக் கடற்பாசித் தூள். பெரிய பானையில் கட்டி விழாமல் துழாவ வேண்டும். இதில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஊரில் கூழ் காய்ச்சத் தெரியாத ஆண்பிள்ளையை ஆண்பிள்ளைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பானை கொதித்து, மணம் எழும்பி, பதம் வந்ததும், அகப்பையில் கொஞ்சம் எடுத்து ஊதி நாக்கில் வைத்தேன்.

"அண்ணா! இன்னாண்ணா பண்றீங்க!"

"உப்புப் பாக்கிறன், பிள்ளை."

"ஈக்கு எதுக்குண்ணா உப்பு!"

சத்தம் கேட்டுப் பேராசிரியர் எட்டிப் பார்த்தார். விஷயம் சொல்லப்பட்டது. பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சாப்பாடு ஆறிய பிறகு ஓர் அமிலம் ஊற்றுவார்கள். அதன் நாற்றம் புளித்த வாந்தியின் நாற்றம்.

"பரவாயில்ல, ஆசிட் இன்னும் விடல," என்றார் பேராசிரியர். "விட்டப்புறம் நக்கியிருந்தார்னா, அவரையும் ஒரு பாட்டில்ல போட்டு வெச்சுண்டு என்ன ஆறதுன்னு பாத்திருக்கலாம்."

இரண்டாம் நாள் தரகு வேலை. ஈக்களைக் கரியமில வாயு ஊதி மயக்கி, நுண்ணோக்கிக்குக் கீழே கொட்டி, தூரிகையால் ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம் என்று ஒதுக்க வேண்டும். ஆணுக்கு வால் பக்கம் கறுப்பு. பெண்ணில் இன்னும் ஆணோடு சேராத கன்னி ஈக்களை மட்டும் தனியே எடுக்க வேண்டும். கூட்டிலிருந்து வெளியே வந்த சில மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் உண்டு. நிறம் வெளிறியிருக்கும், வயிற்றில் ஒரு கரும்புள்ளி தெரியும். சேராத பெண்களுக்குள் சேர்ந்த பெண் ஒன்று தப்பி வந்துவிட்டால் அந்தப் பரம்பரை முழுக்கக் கோணலாகிவிடும் என்று பேராசிரியர் எச்சரித்தார். தியாகராய நகரில் என் லாட்ஜுக்குக் கீழே ஒரு திருமணத் தகவல் நிலையம் இருந்தது. அவர்களும் இதே கவலையில்தான் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் நுண்ணோக்கி இல்லை, அவ்வளவுதான்.

ஓர் ஈயைப் பெண் என்று ஒதுக்குவேன். பிறகு சந்தேகம் வரும். திருப்பிப் போட்டுப் பார்ப்பேன். பெண்தான். ஒதுக்குவேன். அது ஆணாக இருந்தால்? மறுபடி திருப்புவேன். இதற்குள் மயக்கம் தெளிந்து அது எழுந்து என் நெற்றியில் வந்து உட்கார்ந்துவிடும். அப்படி அந்த வாரம் நான் விடுதலை செய்த ஈக்கள் ஏராளம்.

மத்தியானச் சாப்பாடு பெரும்பாலும் ஜெனிஃபரின் தூக்குச்சட்டியிலிருந்துதான். அவள் அம்மாவின் நெத்திலிக் குழம்பைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. சொல்ல முடியாதது எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் மீனில் எங்களை மிஞ்ச ஆளில்லை என்று ஊரில் சொல்லிவிட்டு வந்திருந்தேன். ஆனால் சாம்பாரைப் பற்றிச் சொல்வேன். காலையில் சாம்பார், மத்தியானம் சாம்பார், இரவு தோசைக்குப் பக்கத்தில் ஒரு வாளி சாம்பார். கடைக்காரர் கேட்காமலே ஊற்றுகிறார், போதும் என்று கையைக் காட்டினால் கைமேல் ஊற்றுகிறார். தேநீரோ நேர்மாறு. எங்கள் ஊர்க் கோப்பையில் ஊற்றினால் அடிகூட நனையாத அளவு. கடைக்கு முன்னால் நின்றுகொண்டு அதை அரைமணி நேரம் குடிக்கிறார்கள். குடிப்பது பேச்சுக்காகத்தான் என்று பிறகு விளங்கியது.

அதற்கடுத்த நாட்களில் மூளை எடுக்கப் பழகினேன். ஈயின் புழுவை ஒரு துளி உப்புநீரில் போட்டு, ஒரு கையிலுள்ள குறட்டால் வாயைப் பிடித்து, மற்றக் கையால் உடம்பைப் பிடித்து, ஒரே இழுவை. மூளை வெளியே வரும். கேட்கச் சுலபம். என் கை சாதாரண நாளிலேயே நடுங்கும். நுண்ணோக்கிக்குக் கீழே அந்த நடுக்கம் சூறாவளியாகத் தெரிந்தது. காலையிலிருந்து நான் இழுத்ததெல்லாம் கிழிந்த தோல்.

"மூச்ச வுட்டுட்டு, அப்புறம் இழுங்கண்ணா," என்றாள் ஜெனிஃபர். "மூச்ச புட்ச்சா கை ஆடும். எங்கப்பா தூண்டில்ல அப்டிதான் இழுப்பாரு."

மூச்சை விட்டேன். இழுத்தேன். இரண்டு வெள்ளை மணிகள், அவற்றுக்குக் கீழே ஒரு சின்ன வால், அதிலிருந்து தலைமயிரைவிட மெல்லிய நரம்புகள் எல்லாப் பக்கமும். நீருக்குள் அசைந்தன. நான் நெடுநேரம் பார்த்தேன். பார்த்துவிட்டு, சரியாகத்தான் எடுத்தேனா என்று குறட்டால் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். பிய்ந்துவிட்டது.

"ஏண்ணா தொட்டீங்க?" என்று ஜெனிஃபர் கேட்டாள். அடுத்த புழுவை எடுத்து உப்புநீரில் போட்டேன்.

இரண்டாம் வாரம் அவள் தன் ஆராய்ச்சி ஈக்களைக் காட்டினாள். பார்க்க மற்ற ஈக்களைப் போலத்தான் இருந்தன. குழாயை மேசையில் ஓங்கித் தட்டினாள். அவ்வளவு ஈயும் மல்லாக்க விழுந்தன. இறக்கை துடித்தது, கால் சுருண்டது, பிறகு அசைவில்லை. பிறகு மறுபடி ஓர் உதறல். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக எழுந்து, ஒன்றும் நடக்காத மாதிரி மேலே ஏறின.

"வலிப்புண்ணா. பொறப்பிலயே நரம்புல ஒரு கோளாறு. அதிர்ச்சி தாங்காது. மனுஷனுக்கு வர்ற வலிப்ப இத்த வெச்சுத்தான் பட்ச்சிக்கினு இருக்கோம். மத்த குழாய இஷ்டத்துக்குத் தட்டுங்க, இத்த மட்டும் சும்மா தட்டாதீங்க."

அந்த ஈக்களை எனக்கு உடனே பிடித்துவிட்டது. கதவை யாராவது பட்டென்று சாத்தினால் விழுந்துவிடுகிற ஆட்களை நான் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குழாயில் போட்டு யாரும் ஆராயவில்லை, அவ்வளவுதான்.

கடைசி வாரம் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஈ காட்டப் போகிறோம் என்றார். "வலிப்பு ஈயை நீங்கதான் காட்டறேள். நான் வாயத் திறக்க மாட்டேன், ஜெனிஃபரும் தொட மாட்டா. ஒழுங்கா வந்தா அங்கேர்ந்தே உங்க மிஸ்ஸுக்கு ஃபோன் போட்டு, இவர் தனியாப் பண்ணுவார்னு சொல்லிடறேன்."

வராவிட்டால் என்ன சொல்வார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே அன்றிரவு முழுக்க எனக்குள் பதில் வந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை பேராசிரியரின் காரில் நுண்ணோக்கி, திரை, பெட்டிகள், ஜெனிஃபர் எல்லாம் ஏறியபின் எனக்கு இடமில்லை. நான் ஓட்டோவில் வருவதாக ஏற்பாடு. என் கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. அதற்குள் இரண்டு குழாய்கள். ஒன்றில் வலிப்பு ஈ, மற்றதில் ஒப்பிட்டுக் காட்டச் சாதாரண ஈ. எது எது என்று ஜெனிஃபர் கண்ணாடியில் மையால் எழுதித் தந்தாள்.

அடையாற்றிலிருந்து மந்தைவெளி வரை மெட்ரோவுக்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தெரு என்று ஒன்று முன்பு இருந்ததற்கான தடயங்கள் அங்கங்கே காணப்பட்டன. குழாய்கள் ஆடுகின்றனவே என்று பெட்டியைத் திறந்து இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டேன். பிடித்த கை வேர்த்தது. பாலம் தாண்டிப் பார்க்கிறேன், எழுத்து இரண்டும் என் உள்ளங்கையில் நீலமாக இருந்தது. கண்ணாடியில் இல்லை.

இப்போது எது வலிப்பு ஈ? கண்டுபிடிக்க ஒரே வழிதான். இடதுகைக் குழாயை முழங்காலில் தட்டினேன். ஈக்கள் மல்லாக்க விழுந்து துடித்தன. நிம்மதி. இடது கை வலிப்பு.

மந்தைவெளித் திருப்பத்தில் ஒரு பள்ளம். இரண்டும் என் மடியில் விழுந்தன. எடுத்தேன். இது இடது கையில் இருந்ததா, வலது கையில் இருந்ததா? தட்டினேன்.

"இன்னா நைனா, ஏறுனதுலேர்ந்து தட்டிக்கினே வர்ற? உள்ள இன்னா கீது?" என்றார் ஓட்டுநர், கண்ணாடியில் என்னைப் பார்த்து.

"ஈ."

"ஈயா! இத்த ஓட்டத்தான் ஊருவுட்டு ஊரு வந்தியா? கேரளாவா?"

"இல்லை. யாழ்ப்பாணம். இது வலிப்பு வாற ஈ. ஆராய்ச்சிக்கு."

லஸ் முனையில் சிக்னலில் நின்றபோது அவர் திரும்பிப் பார்த்தார். "என் தங்கச்சிக்கு வரும் சார். கண்ணாலத்தன்னிக்கு மணவறையிலயே வந்துட்ச்சு. இத்த வெச்சு மருந்து எதுனா கண்டுபுடிச்சிட்டாங்களா?"

"படிச்சுக்கொண்டிருக்கினம்," என்றேன்.

"படிக்கட்டும், படிக்கட்டும்," என்றார். அதன்பிறகு அவர் ஓட்டிய விதத்தில் சென்னையில் எவரும் ஓட்டியிருக்க மாட்டார்கள். வேகத்தடை வந்தால் இறங்கித் தள்ளாத குறை. பின்னால் வந்தவர்கள் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார்கள். "உள்ள பேஷண்டு கீதுபா!" என்று இவர் கத்தினார். அவ்வளவு பத்திரமாக அவர் கொண்டுபோன ஈக்களை, ராயப்பேட்டையில் ஒருமுறை, கோபாலபுரத்தில் மரநிழலுக்குள் திரும்பியதும் ஒருமுறை, நான் தட்டிப் பார்த்தேன். நல்லவேளையாக ஒவ்வொரு தரமும் கைக்கு வந்தது வலிப்புக் குழாய்தான், ஈக்கள் விழுந்து துடித்தன. சட்டைப்பையிலிருந்த ரப்பர் வளையத்தை வலிப்புக் குழாயில் மாட்டினேன். இனிச் சந்தேகமே இல்லை. வளையம் சரியான குழாயில்தான் இருக்கிறதா என்று மற்றக் குழாயையும் ஒருமுறை தட்டி உறுதி செய்தேன்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு முன்னரே கார் வந்துவிட்டிருந்தது. அவர்கள் வகுப்புக்குள் திரையை மாட்டும்வரை வராந்தாவில் இருக்கச் சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்பு என்று கதவில் எழுதியிருந்தது. நான் விட்ட இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். வராந்தாவில் பிள்ளைகள் சிலர் வந்து சுற்றி நின்றார்கள். நேரமோ போகவில்லை. உள்ளே போய் ஈ விழாவிட்டால்? கடைசியாக ஒருமுறை தட்டினேன். பிள்ளைகள், "ஐ!" என்றார்கள்.

பிறகு கூப்பிட்டார்கள். பேராசிரியர், அவர்கள் பெஞ்ச் என்கிற கடைசி வாங்கில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஜெனிஃபர் திரைக்குப் பக்கத்தில். விஞ்ஞான ஆசிரியை என்னை, ஈ நரம்பு நிபுணர், வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறார் என்று அறிமுகப்படுத்தினார். நான் சாதாரண ஈக் குழாயைத் தட்டினேன். ஈக்கள் கீழே உதிர்ந்து உடனே ஏறின. "இது நல்ல ஈ," என்றேன். "இப்ப மற்றதைப் பாருங்கோ." வளையம் போட்ட குழாயை மேசையில் ஓங்கித் தட்டினேன்.

ஈக்கள் கீழே உதிர்ந்தன. உடனே ஏறின.

இன்னும் ஓங்கித் தட்டினேன். உதிர்ந்தன. ஏறின. ஒன்று மேலே போய்ப் பஞ்சு அடைப்பில் உட்கார்ந்து முகம் கழுவியது.

"ரெண்டும் நல்ல ஈதான் போலருக்கு," என்றார் விஞ்ஞான ஆசிரியை, உதவியாக.

நான் ஜெனிஃபரைப் பார்த்தேன். அவள் முகத்தில் இரத்தம் இல்லை. "மேடம்," என்றாள் கடைசி வாங்கைப் பார்த்து. "ஸ்டாக் மிக்ஸ் ஆயிடுச்சா?" அவள் ஏன் வெளிறினாள் என்று எனக்குத் தெரியும். வலிப்பு ஈக்குள் நல்ல ஈ கலந்திருந்தால், எப்போது கலந்தது என்று சொல்ல முடியாது. இதுவரை அவள் எண்ணியது, எழுதியது எல்லாமே குப்பைக் கூடைக்கு. பேராசிரியர் எழுந்து வந்தார். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நான் அந்த நேரத்தில் என் வேலை போனதைப் பற்றியா நினைத்தேன், அந்தப் பிள்ளையின் படிப்புப் போனதைப் பற்றியா என்றால், இரண்டையும் ஒன்றாக நினைக்கிற அளவுக்கு எனக்குப் பழக்கம் உண்டு.

முன்வாங்கில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் கையைத் தூக்கியது.

"மிஸ், இந்த அங்கிள் வெளில குந்திக்கினு அத்த டொக்கு டொக்குனு தட்டிக்கினு இருந்தாரு மிஸ்."

"ஆமா மிஸ்!" என்றான் பின்னாலிருந்து ஒருவன். "அப்ப எல்லா ஈயும் வுழுந்துச்சு மிஸ்! செமயா இருந்துச்சு! இன்னொரு தபா அங்கிள்னு கேட்டோம், பண்ணாரு!"

இன்னொருமுறையும் தட்டினேன் என்பதை அவன் சொன்ன பிறகுதான் நானே அறிந்தேன்.

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். "வரச்சே வழியிலயும் தட்டினேளா?"

"எழுத்து அழிஞ்சுபோச்சு, மடம். எது எண்டு பாக்க..."

"எத்தனை தடவை?"

பாலம், மந்தைவெளி, ராயப்பேட்டை, கோபாலபுரம் என்று நிறுத்தங்களைச் சொன்னேன். நடத்துநர் மாதிரி இருந்தது.

ஜெனிஃபர் மூச்சை விட்டாள். அப்படியே வாங்கில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. "ஐயோ அண்ணா! ஒரு தபா வலிப்பு வந்தா, அப்பால கொஞ்ச நேரத்துக்கு என்னா தட்டுனாலும் வராதுண்ணா. நரம்பு ஓய்ஞ்சு போயிடும். தட்டாதீங்கன்னு சொன்னேன், ஏன்னு சொல்லாம வுட்டேனே!"

"அப்போ ஸ்டாக் பத்திரமா இருக்கு," என்றார் பேராசிரியர். "இவர்தான் இல்ல." விஞ்ஞான ஆசிரியையிடம், "ஒரு அரைமணி நேரம் குடுங்கோ," என்று கேட்டார். அடுத்த பாடம் கணக்கு என்பதால் பிள்ளைகளும் சேர்ந்து கேட்டார்கள். குழாயை மேசை நடுவில் வைத்தார். என்னைப் பார்த்தார். "அதைத் தொடாம, அது பக்கத்துலயே நின்னுண்டு, இவாகிட்ட ஏதாவது பேசிண்டிருங்கோ."

என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலையை யாரும் தந்ததில்லை.

பேசினேன். ஈச் சாப்பாடு காய்ச்சுவது, உப்புப் பார்த்தது. சிரித்தார்கள். கன்னி ஈ என்று தொடங்கியபோது விஞ்ஞான ஆசிரியை இருமினார், இளம் ஈ என்று மாற்றினேன். மூளையை இழுத்து எடுப்பதைச் சொன்னபோது எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். இரட்டைப் பின்னல், "அங்கிள், நீங்க கேரளாவா?" என்றது. யாழ்ப்பாணம் என்றேன்.

"அங்கயும் ஈக்கு வலிப்பு வருமா அங்கிள்?"

"எங்கட ஊரில ஈக்கு வாறதில்லை," என்றேன். மிச்சத்தைச் சொல்லவில்லை.

எல்லா நேரமும் கண் குழாயிலேயே இருந்தது. ஓய்வு போதுமா? இன்னும் விழாவிட்டால்? ஒரு சின்னத் தட்டு, நகத்தால், யாருக்கும் தெரியாது. கை இரண்டு தரம் தானாக மேசைப் பக்கம் போனது. முதல் தரம் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துச் சமாளித்தேன். இரண்டாம் தரம் அதைக் கீழே போட்டுக் குனிந்து எடுத்தேன். மறுபடி கடைசி வாங்கில் போய் உட்கார்ந்திருந்த பேராசிரியர் என் பேச்சைக் கேட்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம்," என்றார் கடைசியில்.

மூச்சை விட்டேன். ஒரே தட்டு.

விழுந்தன. எல்லாம் விழுந்தன. துடித்து, சுருண்டு, அடங்கின. பிள்ளைகள் வாங்கில் ஏறி நின்றார்கள், ஆனால் ஒருவரும் கத்தவில்லை. முதல் ஈ புரண்டு எழுந்தபோது யாரோ மெதுவாக, "எந்திரிச்சிட்ச்சு," என்றார்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார்கள், கடைசி ஈ எழுந்து ஏறும்வரை.

வராந்தாவில் பேராசிரியர் போனை எடுத்தார். நான் கேட்கட்டும் என்றுதான் ஸ்பீக்கரில் போட்டார் என்று நினைக்கிறேன்.

"உங்காளு தனியாப் பண்ணுவார்மா. தாராளமா வெச்சுக்கோ. ஒரே ஒரு குறைதான். சும்மா இருக்கத் தெரியல. சரியா இருக்கறத, சரியா இருக்கான்னு தட்டித் தட்டிப் பாத்தே கெடுத்துடறார். அத நீ சொல்லிக் குடுத்துடு."

அந்தப் பக்கம் எங்கள் ஆய்வுகூடத்து மின்விசிறி கிறீச்சிடுவது எனக்குக் கேட்டது.

"ஆளை அனுப்பிவிடுங்கோ, மடம், நான் வாதாடுறன்," என்றார் மிஸ். "மற்றதை ஆர் சொல்லிக் குடுக்கிறது? இங்க எங்களில ஒருத்தருக்கும் சும்மா இருக்கத் தெரியாது."